டிரைவர் இல்லாத வண்டி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாப்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா, பழைய புடவையில் எதையோ சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மகள்.

‘தம்பி, நீங்க பத்திரிகைல எழுதறவர்தானே? கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்ல?’

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாமே தெரியும் என்று நம்புகிற தலைமுறை இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது. அந்த நம்பிக்கையை ஏன் கெடுப்பானேன் என்று ‘வைங்க, பார்ப்போம்’ என்றேன்.

புடவைக்குள் லேப்டாப். மகன் ப்ளஸ் டூ படிக்கும்போது, 2014-ல், பள்ளிக்கூடத்தில் வாங்கியது. அவன் அதில் படம் பார்த்தான், பாட்டுக் கேட்டான், கொஞ்சம் படிக்கவும் செய்தான். வேலைக்குப் போனதும் அது பரணுக்குப் போனது. இப்போது தங்கை பி.காம் இரண்டாம் வருஷம். புராஜெக்ட் டைப் செய்ய வேண்டும், இணையத்தில் தேட வேண்டும். பரணிலிருந்து இறக்கினார்கள். விண்டோஸ் 7 தடுமாறியது. ஸ்டேஷன் பக்கம் ரிப்பேர் கடைத் தம்பி, ‘இதுல புது விண்டோஸ் ஏறாதுக்கா, லினக்ஸ் போட்டுத் தர்றேன். 500 ரூபா’ என்றிருக்கிறான். போட்டும் தந்தான். பத்து வருஷக் கிழவி திடீரென்று பதினாறு வயதுப் பெண்ணாக எழுந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு குறை. வை-ஃபை வரவில்லை.

திரும்பக் கடைக்கு. ‘டிரைவர் கிடைக்கலக்கா. யுஎஸ்பில சொருகற வை-ஃபை ஒண்ணு வாங்கிக்கோங்க’. வாங்கினார்கள். அதற்கும் டிரைவர் இல்லை! மறுபடி கடைக்கு. இந்த முறை தீர்ப்பு: ‘இது தேறாதுக்கா. புதுசா வாங்கிடுங்க. இஎம்ஐல கிடைக்குது.’

அக்காவின் கணவருக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை. சீட்டு எடுத்து முன்பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் கடைசி முயற்சியாக என்னிடம் வந்திருக்கிறார்கள்.

‘டிரைவர்னா என்ன தம்பி? ஆள் போட்டு ஓட்டணுமா?’ என்று கேட்டார் அக்கா.

சிரிக்காதீர்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில்.

நான் பி.காம். இன்ஜினீயர் இல்லை. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். லேப்டாப்புக்குள் வை-ஃபைக்கு ஒரு சிப், சத்தத்துக்கு ஒரு சிப், திரைக்கு ஒரு சிப் என்று பல கம்பெனிகள் செய்த பாகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஷை. ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்வதை அந்தந்த பாஷையில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவர்தான் டிரைவர். சில சிப்புகளுக்கு இது மட்டும் போதாது. மிஷினை ஆன் செய்யும்போதெல்லாம் அந்தக் கம்பெனி எழுதிய ஒரு சின்ன ஃபைலை அதன் வாயில் ஊட்டினால்தான் கண் விழிக்கும். அதற்குப் பெயர் ஃபர்ம்வேர்.

இனி, பேக்கேஜ். தமிழ்க் கணினி ஆர்வலர்கள் இதைப் ‘பொதி’ என்கிறார்கள். கழுதை ஞாபகம் வருகிறது, பரவாயில்லை, சரியான சொல்தான். மளிகைக் கடையில் சாம்பார்ப் பொடி வாங்குகிறோம். மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் சரியான அளவில் அரைத்துப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். அப்படித்தான் பேக்கேஜ் என்பதும். எந்த மென்பொருள், அதற்கு வேறு எதெல்லாம் துணை வேண்டும், எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்தால், பயன்படுத்துகிறவர் ஒரு கிளிக் செய்தால் போதும். கட்டி வைக்காவிட்டால்? மிளகாயைத் தனியாக, மல்லியைத் தனியாக, அம்மியையும் தனியாகக் கொடுத்து ‘அரைச்சுக்கோ’ என்று அர்த்தம்.

லினக்ஸ் உலகம் பல நேரங்களில் நமக்கு அம்மியைத்தான் கொடுக்கிறது.

இதில் உச்சக்கட்ட நகைச்சுவை ஒன்று உண்டு. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் பிராட்காம் கம்பெனியின் வை-ஃபை சிப் இருக்கும். லினக்ஸ் போட்டால் அது வேலை செய்யாது. ஏன் என்று பார்த்தால் ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையத்துக்கு வை-ஃபை வேண்டும். வை-ஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதை.

சரி, ஒரு வீட்டுப் பிரச்னையை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய் என்று கேட்பீர்கள். இது ஒரு வீட்டுப் பிரச்னை இல்லை. 51 லட்சம் வீட்டுப் பிரச்னை.

2011 செப்டம்பர் 15. அண்ணா பிறந்த நாள். முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எங்கே? இதே திருவள்ளூர் மாவட்டத்தில். அதிலிருந்து ஏறக்குறைய 2020 வரை தமிழ்நாடு அரசு கொடுத்த லேப்டாப்புகள் 51 லட்சத்துக்கும் மேல். செலவு 7,200 கோடி ரூபாய்க்கும் மேல். ஒன்றை ஒன்றால் வகுத்துப் பாருங்கள். ஒரு லேப்டாப் சராசரியாக 14,000 ரூபாய்.

‘இலவசம்’ என்று அன்று கேலி பேசிய கூட்டத்தில் நான் இல்லை. இன்றும் இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட லட்சக்கணக்கான பிள்ளைகள் அதில்தான் தொட்டார்கள். என் வழக்கே வேறு. அந்த மிஷின்கள் அத்தனையும் இப்போது எங்கே?

கணக்குப் பாடம் படித்தவன் என்பதால் அந்தக் கண்ணால் பார்க்கிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஒரு லேப்டாப்பின் ஆயுள் மூன்று வருஷம். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம். 14,000 ரூபாய் லேப்டாப் முதல் வருஷ முடிவில் 8,400. அப்புறம் 5,040. அப்புறம் 3,024. ஐந்தாவது வருஷ முடிவில் சுமார் 1,090 ரூபாய். புத்தகத்தில் அது செத்துப்போன பொருள்.

ஆனால் புத்தகம் வேறு, பொருள் வேறு. அக்காவின் புடவைக்குள் இருந்த மிஷினுக்கு கீபோர்ட் சரியாக இருந்தது. திரை சரியாக இருந்தது. புராசஸர் சரியாக இருந்தது. பேட்டரி மட்டும் போயிருந்தது. வயர் சொருகி வேலை செய்யலாம். இல்லாதது ஒரே ஒரு ஃபைல்.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். 2020 ஜனவரி 14-ல் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும். வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷம் பாதுகாப்பு நீட்டிப்பு என்று ஒரு கருணை. விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும், குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிஷினுக்கு ‘உனக்கு வயசாயிடுச்சு, உள்ளே வராதே’ என்று வாசலில் நிறுத்துகிறார்கள். இதனால் உலகம் முழுவதும் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்கிற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-லேயே மதிப்பிட்டது.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் வந்து கை கொடுக்க வேண்டும். நியாயமாக, இது லினக்ஸின் பொற்காலமாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

மூன்று பேர் மீது குற்றம் சாட்டுகிறேன்.

முதல் குற்றவாளி, சிப் தயாரிக்கிற கம்பெனிகள்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்த கதை தெரியுமா? அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. பேப்பர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் தெரியப்படுத்துகிற மாதிரி புரோகிராமைத் திருத்தலாம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மூல நிரலைக் கேட்டார். தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கோபமும் ஒரு விதையாக, 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைக் கொண்டுவந்தார். ஆக, இத்தனை பெரிய இயக்கத்தின் ஆரம்பக் கதையிலேயே ஒரு டிரைவர் தகராறு இருக்கிறது. நாற்பது வருஷம் ஓடிவிட்டது. தகராறு இன்னும் தீரவில்லை!

‘லினக்ஸுக்கு டிரைவர் எழுத ஆள் இல்லை, செலவு ஆகும்’ என்று கம்பெனிகள் சொல்லும். பொய். 2007-ல் லினக்ஸ் கெர்னலின் முக்கியப் பொறியாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் பகிரங்கமாக ஒரு அறிவிப்புச் செய்தார். ‘உங்கள் சிப் எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தைக் கொடுங்கள், சந்தேகம் கேட்க ஒரு ஆளைக் கொடுங்கள். டிரைவரை நாங்களே இலவசமாக எழுதித் தருகிறோம்.’ இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? சமைத்துப் பரிமாறுகிறேன், அரிசியை மட்டும் காட்டு என்கிறார். அதையும் காட்டமாட்டோம் என்று பல கம்பெனிகள் பூட்டி வைத்தன. 2012-ல் பின்லாந்தில் ஒரு மேடையில், கேமராவைப் பார்த்து லினஸ் டோர்வால்ட்ஸ் நடுவிரலைக் காட்டி என்விடியா கம்பெனியைத் திட்டினாரே, அது சும்மா வந்த கோபம் இல்லை. அந்தக் கம்பெனி தன் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட 2022 ஆயிற்று. அதுவும் புதிய கார்டுகளுக்கு. பழைய லேப்டாப்பில் இருக்கிற பழைய கார்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது குற்றவாளி, நம் அரசாங்கம். கட்சி பேதம் பார்க்காமல் சொல்கிறேன்.

லினக்ஸ் விஷயத்தில் தமிழ்நாடு ஒன்றும் பின்தங்கிய மாநிலம் இல்லை. 2006-ஐ ஒட்டிய வருஷங்களில் எல்காட் நிறுவனத்தில் உமாசங்கர் ஐஏஎஸ் இருந்தபோது, அலுவலகத்தில் சூசே லினக்ஸையும் ஓப்பன் ஆஃபீஸையும் கொண்டுவந்தார். பள்ளிகளுக்கு லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் போயின. 2007-ல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், அதுவும் அதன் சென்னைக் கிளை, ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளுக்கு வசதி. பள்ளிக்கூடங்களுக்கென்று ‘எடுபாஸ்’ என்று தனிப் பதிப்பு. இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகள் எல்லாம் பாஸ் பக்கம் பார்க்கும்படி தமிழக அரசே சொன்னது.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! லேப்டாப் வாங்கிய பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ‘பாஸா? அதை அழிச்சுட்டு அந்த இடத்தையும் விண்டோஸுக்கே குடுத்துட்டோம் அங்கிள்’ என்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. டெண்டரில் ‘லினக்ஸ் உண்டா?’ என்ற கட்டத்துக்கு ஒரு டிக் அடித்தாயிற்று. ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்து அந்த லினக்ஸை யார் புதுப்பிப்பது, அந்த மாடலுக்கான டிரைவர்ப் பொதியை எங்கே வாங்குவது என்று தெருவில் இருக்கும் ரிப்பேர் கடைக்குத் தெரிய ஒரு வழி உண்டா? வேட்டி சேலை மாதிரி கொடுத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருளா இது?

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. தனியாளுக்குப் பேக்கேஜிங் கஷ்டம் என்பதற்குக் காரணம், உலகத்தில் ஆயிரக்கணக்கான மாடல் லேப்டாப்புகள் இருப்பது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு சிப். ஆனால் அரசாங்கம் வாங்கியது அப்படியா? சந்தைக்குப் போய் விதவிதமாகப் பொறுக்கவில்லை. டெண்டர் போட்டு, ஒரே மாதிரி மாடலை லட்சக்கணக்கில் வாங்கியது. ஒரு மிஷினுக்குச் சரிசெய்தால் அதே மாடல் அத்தனைக்கும் சரியாகிவிடும்!

கணக்குப் போடுகிறேன், தப்பென்றால் திருத்துங்கள். ஒரு மாடலுக்கு எல்லா டிரைவரும், ஃபர்ம்வேரும், தமிழ் எழுத்துருவும், தமிழ்99 கீபோர்டும் சேர்த்து, பென்டிரைவில் சொருகினால் தானே ஏறிக்கொள்கிற மாதிரி பொட்டலம் கட்ட, ஒரு நல்ல இன்ஜினீயருக்கு ஒரு மாதம் ஆகிறது என்று வையுங்கள். சம்பளம் ஒரு லட்சம் என்று தாராளமாகவே வையுங்கள். அந்த மாடலில் ஒரு லட்சம் மிஷின் இருக்கிறது என்று வைத்தால் தலைக்கு எவ்வளவு? ஒரு ரூபாய். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் பத்து வருஷம் செய்தாலும் பத்து ரூபாய். 14,000 ரூபாய் போட்டு வாங்கிய பொருளுக்குப் பத்து ரூபாய்ப் பராமரிப்பு இல்லாததால் பரணில் கிடக்கிறது. பி.காம் முதல் வருஷப் பரீட்சையில் இப்படி ஒரு கம்பெனி வந்தால், அதன் மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி பதில் எழுதியிருப்பேன்.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்பவர்கள் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பாருங்கள். கேரளத்தில் 2001-ல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று ஆரம்பித்தார்கள். பிறகு பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். 2017-ல் அதுவே ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை எடுத்து, தங்கள் பாடப் புத்தகத்துக்கு வேண்டிய மென்பொருளையெல்லாம் சேர்த்து, தாங்களே ஒரு பதிப்பாகக் கட்டுகிறார்கள். காலம் மாற மாறப் புதிய பதிப்பு வருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகள். அவர்களுக்கு வானத்திலிருந்து குதித்த இன்ஜினீயர்கள் கிடைத்துவிடவில்லை. ‘இது என் வேலை’ என்று பொறுப்பெடுத்துக்கொள்ள ஒரு அலுவலகம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பாஸையும் சரி, கைட்டையும் சரி, தொடங்குவது விழா. தொடர்ந்து பொட்டலம் கட்டுவதுதான் வேலை. விழாவுக்குப் பெயர் போனது எந்த மாநிலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது குற்றவாளியைச் சொன்னால் என் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். லினக்ஸ் பண்டிதர்கள்.

எல்லோரையும் சொல்லவில்லை. சென்னையில் ஐஎல்யூஜிசி என்கிற லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஒரு பைசா வாங்காமல் சொல்லிக்கொடுத்து வருகிறது. 2012-லிருந்து ‘கணியம்’ தமிழிலேயே லினக்ஸ் பாடங்கள் எழுதுகிறது. விழுப்புரத்தில் ஒரு பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறது. கும்பிட வேண்டியவர்கள். நான் சொல்வது இன்னொரு ரகம். ‘வை-ஃபை வரலையா? டெர்மினலைத் திற. நாலு கமாண்ட் அடி. கெர்னலை கம்பைல் பண்ணு. இதுகூடத் தெரியாம எதுக்கு லினக்ஸ்?’ என்று கேட்கிற ரகம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்குக் கிணறு வெட்டக் கடப்பாரை கொடுப்பவர்கள்.

இவர்களுக்கு நான் சொல்வதைவிட, இவர்களின் தலைமைப் பீடமே சொன்னதைச் சொல்கிறேன். 1993-ல் தொடங்கிய டெபியன், கட்டற்ற மென்பொருள் கொள்கையில் பத்தரை மாற்றுத் தங்கம். மூடிய ஃபர்ம்வேர் எதையும் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்கமாட்டேன் என்று விரதம் இருந்தது. அதனால் டெபியனைப் போடும்போதே வை-ஃபை இல்லாமல் திண்டாடினவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 2022-ல் அவர்களுக்குள்ளேயே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஃபர்ம்வேரையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுப்போம் என்று முடிவானது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கையை விற்றுவிட்டார்களா? இல்லை. கோயிலுக்குள் வர முடியாதவனுக்குச் சுத்தம் சுகாதாரம் பற்றி வகுப்பெடுத்துப் பலனில்லை, முதலில் கதவைத் திற என்று புரிந்துகொண்டார்கள். முப்பது வருஷம் ஆயிற்று, புரிய.

ஆனால் அதே டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் பழைய 32-பிட் மிஷின்களுக்கு இன்ஸ்டாலர் தருவதை நிறுத்திவிட்டது. உபுண்டு 2017-லேயே நிறுத்தியாயிற்று. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சம்பளமில்லாமல் எத்தனை காலத்துக்குத்தான் பழசைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்? யாரோ ஊர் பேர் தெரியாத தொண்டர்கள் நம் பரணில் இருக்கும் லேப்டாப்பைக் காலாகாலத்துக்கும் காப்பாற்றுவார்கள் என்று நாம் உட்கார்ந்திருக்கிறோமே, அதுதான் தப்பு. நம் பொருளுக்கு நாம்தான் பொட்டலம் கட்ட வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். 2 ஜிபி ரேமில் இன்றைய பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். எங்கள் காமர்ஸ்காரர்களின் குலதெய்வமான டேலி, விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. லினக்ஸில் அதைச் சுற்றுவழியில்தான் ஓட்ட வேண்டும். போன் வந்த பிறகு லேப்டாப் எதற்கு என்றுகூட சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரே பதில்தான். நாற்பது பக்கப் புராஜெக்டைப் போனில் டைப் செய்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சரி, திட்டியது போதும். என்ன செய்யலாம்?

ஒன்று. 2011 முதல் கொடுத்த ஒவ்வொரு மாடலின் பெயரையும், அதில் என்ன வை-ஃபை, என்ன சவுண்ட், என்ன கிராபிக்ஸ் சிப் என்ற பட்டியலையும் எல்காட் பகிரங்கமாக வெளியிடட்டும். காசு பணம் வேண்டாம், டெண்டர் ஃபைலைத் திறந்தால் போதும். அந்தந்த மாடலுக்கு ஒரு பொட்டலம். அதைப் பென்டிரைவில் போட்டு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஒன்று வைக்கட்டும். ரிப்பேர் கடைத் தம்பி போய்க் காப்பி எடுத்துக்கொள்ளட்டும். அவனுக்கும் பிழைப்பு, நமக்கும் பிழைப்பு.

இரண்டு. 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு, இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. அறிவிப்பை வரவேற்கிறேன். ஆனால் இனி எந்த டெண்டர் போட்டாலும் இரண்டு வரி சேருங்கள். உள்ளே இருக்கும் சிப் எல்லாவற்றுக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்க வேண்டும். பத்து வருஷத்துக்குப் பொதியைப் புதுப்பித்துத் தர வேண்டும். தராவிட்டால்? ரோடு போடுகிற கான்ட்ராக்டரிடம் ஒரு பகுதிப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரோடு ஒழுங்காக இருந்தால்தானே பாக்கியைக் கொடுக்கிறார்கள்? அதே வைத்தியம்தான். லட்சக்கணக்கில் வாங்குகிறவன் கேட்டால் எந்தக் கம்பெனியும் மண்டையை ஆட்டும். கேட்கத்தான் வாய் வேண்டும்.

மூன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டும் எத்தனை இன்ஜினீயரிங் கல்லூரிகள், எத்தனை பாலிடெக்னிக்குகள்! கடைசி வருஷப் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்குகிற கூத்து நமக்குத் தெரியாததா? அதற்குப் பதிலாக, ‘இந்த மாடல் லேப்டாப்புக்கு வேலை செய்கிற பொதி ஒன்று கட்டிக் கொடு’ என்று சொல்லுங்கள். மார்க்கும் கிடைக்கும், தொழிலும் தெரியும். நாளை இன்டர்வியூவில் ‘என்ன செய்தாய்?’ என்று கேட்டால், ‘எங்க ஊர்ல இருநூறு லேப்டாப்புக்கு உயிர் குடுத்தேன் சார்’ என்று நிமிர்ந்து சொல்லலாம்.

எங்கள் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி. அங்கே பழைய இரும்பை உருக்கிப் புதுக் கம்பியாக்குகிற ஆலைகள் உண்டு. துருப்பிடித்த ஆணிக்கும் மறுபிறவி உண்டென்று தெரிந்த மாவட்டம் இது. துருவே பிடிக்காத லேப்டாப்புக்கு அது கிடையாதா?

அக்காவின் கதையை முடிக்காமல் விட்டேனே. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போராடினேன். கடைசியில் செய்தது இதுதான்: அந்தப் பெண்ணின் போனை சார்ஜர் வயரால் லேப்டாப்பில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தேன். வை-ஃபை இல்லாமலே இணையம் வந்தது. அதன் வழியாக ஃபர்ம்வேர்ப் பொதியை இறக்கினேன். மிஷினை அணைத்துப் போட்டேன். வை-ஃபை வந்துவிட்டது. இறக்கிய ஃபைல், போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவுகூட இல்லை. (உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தால் இந்த வழியை முயன்று பாருங்கள்.)

‘அவ்வளவுதானா அங்கிள்?’ என்றது அந்தப் பெண்.

‘அவ்வளவுதாம்மா.’

‘இது இவ்வளவு சின்ன விஷயம்னா, அப்ப ஏன் முதல்லயே உள்ள போட்டுக் குடுக்கல?’

அக்காவின் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டேன். மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கோட்டையில் இருக்கிறார்கள். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் தினமும் மின்சார ரயில் வந்து நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் ஊர் போய்ச் சேர்கிறோம். ‘வண்டி கொடுத்துட்டோம், டிரைவரை நீங்களே தேடிக்கோங்க’ என்று ரயில்வே ஒருநாளும் நம்மிடம் சொன்னதில்லை.